அயர்லாந்து விடுதலையின் திருப்புமுனை எது: 1916 எழுச்சியா, 1918 தேர்தலா?

நெய்தல்:
"துப்பாக்கி தூக்கியிராவிட்டால் அயர்லாந்துக்கு ஒன்றும் கிடைத்திருக்காது" என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதினார். நிறையப் பேர் ஆமோதித்தார்கள். எனக்கு இதில் சற்றும் உடன்பாடில்லை என்பதால் தனித் திரியாகவே தொடங்குகிறேன்.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். டப்ளின் தலைமை அஞ்சலகத்தின் முன்னால் நின்று, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான எழுச்சியின் தலைவர் பாட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். ஆறாம் நாள் சரணடைய வேண்டியதாயிற்று. இறந்தவர்கள் ஏறக்குறைய 485 பேர், அதில் பாதிக்கு மேல் சண்டையில் சம்பந்தமே இல்லாத பொதுமக்கள். கைதிகளைத் தெருவழியே நடத்திக் கொண்டுபோனபோது டப்ளின்காரர்கள் சிலர் அவர்களை ஏசினார்கள். நகரம் அவர்கள் பின்னால் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நாட்டை மாற்றியது அதற்குப் பிறகு நடந்தவை. மே 3 முதல் 12 வரை எழுச்சிக்காரர்கள் 15 பேரைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றது. கணுக்கால் சிதைந்து எழுந்து நிற்க முடியாத எழுச்சித் தலைவர் ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்கள். 1918 ஏப்ரலில் கட்டாய ராணுவச் சேவையை அயர்லாந்துக்கும் நீட்டிச் சட்டம் போட்டார்கள். தேவாலய வாசல்களில் மக்கள் வரிசையில் நின்று எதிர்ப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள், ஏப்ரல் 23 அன்று பொது வேலைநிறுத்தம் நடந்தது. கடைசிவரை அந்தச் சட்டத்தை அங்கே அமலாக்க முடியவில்லை. அதே டிசம்பரில் தேர்தல். 105 இடங்களில், தனிக் குடியரசு கேட்ட சின் ஃபெயின் கட்சிக்கு 73, ஹோம் ரூல் எனும் தன்னாட்சி மட்டும் கேட்டு அதுவரை கோலோச்சிய ரெட்மண்டின் பழைய கட்சிக்கு வெறும் 6. அயர்லாந்து பிரிந்தது அந்த நாளில்தான். அஞ்சலகத்தில் கொடி ஏற்றிய அன்று அல்ல.

வடகரையான்:
நெய்தல் சார், நீங்கள் சொன்னதிலேயே எனக்கான பதில் இருக்கிறது. அந்த 73 பேரும் 1916-ன் பெயரைச் சொல்லித்தான் வாக்குக் கேட்டார்கள். மே மாதத்துத் துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் டிசம்பர் வாக்கு எங்கிருந்து வந்திருக்கும்?

அதைவிட அடிப்படையான விஷயம் ஒன்று உண்டு. அயர்லாந்து மக்கள் வாக்குப் போடாமலா இருந்தார்கள்? 1885-ல் ஹோம் ரூல் கட்சித் தலைவர் பார்னெல் தன் பின்னால் 86 உறுப்பினர்களைத் திரட்டிக் காட்டினார். மறுவருடம் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் ஹோம் ரூல் மசோதா கொண்டுவந்தார், 311-க்கு 341 என்று தோற்றது. 1893-ல் கீழவையில் ஜெயித்தது. பிரபுக்கள் சபை 41-க்கு 419 என்று தூக்கி எறிந்தது. 1912-ல் மூன்றாவது மசோதா. பிரபுக்களின் தடையை மீறக் கீழவையில் மூன்று முறை நிறைவேற்றி, 1914 செப்டம்பர் 18-ல் அரச ஒப்புதலும் வாங்கி, அதே நாளில் "போர் முடியும்வரை நிறுத்தி வைப்பு" என்றார்கள். முப்பது ஆண்டுகள் சட்டப்படி கேட்டுக் கிடைத்தது, மேசை இழுப்பறைக்குள் பூட்டி வைத்த ஒரு காகிதம்.

நீங்கள் கொண்டாடும் 1918-க்கு என்ன ஆனது? வென்றவர்கள் லண்டன் போக மறுத்து, 1919 ஜனவரி 21-ல் டப்ளின் மேன்ஷன் ஹவுஸில் டால் என்ற தங்கள் நாடாளுமன்றத்தைக் கூட்டினார்கள். பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு ஷான் ஓ'கெல்லியைத் தூதனுப்பினார்கள். அங்கே கதவு திறக்கவில்லை. செப்டம்பரில் டாலையே சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த சபை! லண்டன் மேசைக்கு வந்தது 1921 ஜூலையில். இடைப்பட்ட இரண்டரை வருடத்தில் நடந்தது கெரில்லாப் போர்.

செங்காந்தள்:
இரண்டு பேரும் 1885-க்கு இந்தப் பக்கமே நிற்கிறீர்கள். எனக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், என்னிஸ் என்ற சிற்றூருக்கு. அயர்லாந்தின் மேற்கே, கிளேர் மாவட்டத்தில் இருக்கிறது.

1828-ல் அங்கே ஓர் இடைத்தேர்தல். கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாத காலம், ஆனால் வேட்பாளராக நிற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. கத்தோலிக்கர் தலைவர் டேனியல் ஓ'கானெல் நின்றார். ரகசிய வாக்குப்பதிவு 1872-ல்தான் வந்தது. அதனால் குத்தகை விவசாயி ஒவ்வொருவரும் நிலக்கிழாரின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்லி வாக்களிக்க வேண்டும். சொன்னவன் மறுநாள் நிலத்தை இழக்கலாம். அப்படியிருந்தும் பாதிரியார்களின் பின்னால் அணிவகுத்து வந்து ஓ'கானெலுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வாக்குகளைக் கொடுத்தார்கள். அவருக்குப் பின்னால் நின்றது, மக்கள் மாதம் ஒரு பென்னி சந்தா கட்டி வளர்த்த கத்தோலிக்கச் சங்கம். அடுத்த வருடமே கத்தோலிக்கர் உரிமைச் சட்டம் வந்தது. ஆனால் அதே கையோடு வாக்குரிமைக்கான சொத்துத் தகுதியை 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுண்டாக உயர்த்தி, யார் துணிந்து வாக்களித்தார்களோ அந்த ஏழைகளின் வாக்கையே பறித்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அதே என்னிஸில் 1880 செப்டம்பரில் பார்னெல் பேசினார். வெளியேற்றப்பட்ட குடியானவனின் நிலத்தை இன்னொருவன் குத்தகைக்கு எடுத்தால் அவனை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "சுடுங்கள்" என்று கூட்டத்தில் குரல் எழுந்தது. அதைவிட நல்ல வழி இருக்கிறது என்றார் பார்னெல்: சாலையில், சந்தையில், கடையில், கோயிலில்கூட அவனை ஒதுக்கிவிடுங்கள். சில வாரத்திலேயே மேயோ மாவட்டத்தில் பாய்காட் என்ற எஸ்டேட் முகவர் மீது அது பாய்ந்தது. வேலையாட்கள் வேலைக்கு வராமல் நின்றார்கள், கடைக்காரர் சரக்குத் தர மறுத்தார். அறுவடைக்கு வெளியூரிலிருந்து ஐம்பது பேரைக் கூட்டி வந்து, அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் படையினரை நிறுத்தினார்கள். வயலில் எடுத்த விளைச்சலின் மதிப்பைப் போலப் பல மடங்கு காவலுக்கே செலவானது. டிசம்பருக்குள் அந்த மனிதர் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

அதிலிருந்து பிறந்தவைதான் 1881 நிலச் சட்டமும் 1903 நிலச் சட்டமும். இரண்டாவது சட்டம், அரசுக் கடனை நீண்டகாலத் தவணையில் அடைத்து நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளக் குடியானவர்களுக்கு வழி செய்தது. கொடி மாறுவதற்கு முன்பே காணி பெரும்பாலும் கைமாறிவிட்டது, வடகரையான். இதை எந்தத் துப்பாக்கி வாங்கித் தந்தது?

வடகரையான்:
அக்கா, நிலப் போராட்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஓ'கானெல் கதையை 1829-ல் நிறுத்தக் கூடாது. 1843 அக்டோபர் 8, குளோன்டார்ஃப். லட்சக்கணக்கில் கூட்டம் வரப்போகிறது. அரசு தடை போட்டது, படையை இறக்கியது. ரத்தம் சிந்தக் கூடாது என்று ஓ'கானெல் கூட்டத்தை ரத்து செய்தார். அவர் மனசாட்சியை நான் மதிக்கிறேன். ஆனால் அயர்லாந்தை லண்டனோடு இணைத்த ஐக்கியச் சட்டத்தை ரத்து செய்யக் கேட்ட அந்த இயக்கம் அத்தோடு படுத்துவிட்டது. எதிராளி பின்வாங்க மாட்டான், இவர்தான் பின்வாங்குவார் என்று லண்டனுக்குத் தெரிந்துபோனது.

இரண்டே வருடத்தில் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. 1845 முதல் 1849 வரை ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அதே துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தன. 1847-ல் ஒரு விதி: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அதை விட்டுக்கொடுத்தால்தான் நிவாரணம். பிள்ளைகளுக்குக் கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை எழுதிக் கொடு! அப்போது லண்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரில் அயர்லாந்துக்கு 105 உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களால் இந்த விதியைத் தடுக்க முடிந்ததா? தன் நாட்டு மக்கள் சாகும்போது எண்ணிக்கையில் எப்போதும் சிறுபான்மையாகவே இருக்க வேண்டிய சபையில் உட்கார்ந்து என்ன பயன்?

நெய்தல்:
பஞ்சம் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். அதிலிருந்து நீங்கள் போகும் முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. பஞ்சத்தின் நடுவே 1848-ல் ஆயுதமும் எடுத்தார்கள். பாலிங்காரியில் ஒரு விதவையின் வீட்டைச் சுற்றி நடந்த சிறு சண்டையோடு அது முடிந்தது. 1803-ல் ராபர்ட் எம்மட், 1867-ல் ஃபீனியன்கள் என்ற ரகசியக் குடியரசு இயக்கத்தார், எல்லாம் இதே கதி. 1798-ல் உல்ஃப் டோன் கனவு கண்டது கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் சேர்ந்த குடியரசை. எழுச்சி பல்லாயிரம் பிணங்களோடு அடங்கியது. விளைவு என்ன? டப்ளினில் இருந்த நாடாளுமன்றத்தையும் கலைத்து, 1801-ல் அயர்லாந்தை லண்டனோடு இணைத்துவிட்டார்கள்.

1919-21 மட்டும் ஏன் வேறு மாதிரி முடிந்தது? ஏனென்றால் அதன் பின்னால் ஒரு மாற்று அரசே ஓடிக்கொண்டிருந்தது. 1920 உள்ளாட்சித் தேர்தல்களில் வென்ற மன்றங்கள் டாலுக்கு விசுவாசம் அறிவித்தன. மக்கள் வழக்கை டால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். ரயில் தொழிலாளர்கள் அந்த மே மாதம் தொடங்கி டிசம்பர்வரை பிரிட்டிஷ் படையையும் வெடிபொருளையும் ஏற்றிய வண்டியை ஓட்ட மறுத்து வேலையை இழந்தார்கள். கார்க் நகர மேயர் டெரன்ஸ் மாக்ஸ்வினி 74 நாள் உண்ணாநோன்பிருந்து பிரிக்ஸ்டன் சிறையில் உயிர்விட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. வெஸ்ட்மின்ஸ்டரைப் புறக்கணித்து வீட்டிலேயே ஆட்சி நடத்துங்கள் என்று சின் ஃபெயினைத் தொடங்கிய ஆர்தர் கிரிஃபித் 1916-க்கு வெகு முன்பே எழுதிக்கொண்டிருந்தார். ஆளப்பட மறுத்த ஒரு சமூகத்தை ஆள முடியாமல் போனது. அதுதான் லண்டனை மேசைக்கு இழுத்தது.

வடகரையான்:
டால் நீதிமன்றம் எப்படி நடந்தது சார்? கிராமப்புறக் காவல் நிலையங்களைத் தாக்குதலுக்குப் பயந்து காலி செய்துவிட்டு போலீஸ் நகரங்களுக்கு ஓடியது. 1920 ஈஸ்டரில் நூற்றுக்கணக்கான காலி நிலையங்களை ஐஆர்ஏ (ஐரிஷ் குடியரசுப் படை) கொளுத்தியது. காக்கிச்சட்டை இருந்த ஊரில் அந்த நீதிமன்றத்தை நடத்திப் பார்த்திருக்க முடியுமா? நீங்கள் சொல்லும் மாற்று அரசுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்ததே ஆயுதம்தான்.

பட்டறைத்தம்பி:
அண்ணன்களே, அக்கா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். யார் முதலில் துப்பாக்கியைக் கொண்டுவந்தது என்ற கேள்வியை யாருமே கேட்கவில்லையே? வடக்கு மொத்தமாக விட்டுப்போய்விட்டது.

1912 செப்டம்பர் 28. பிரிட்டனோடு இணைந்தே இருக்க விரும்பிய யூனியனிஸ்டுகளின் தலைவர் எட்வர்ட் கார்சன் தலைமையில் பெல்ஃபாஸ்ட் நகர மன்றத்தில் ஹோம் ரூலை எதிர்க்கும் உறுதிமொழிக் கையெழுத்து. ஆண்கள், பெண்கள் சேர்த்து ஏறக்குறைய 4.7 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். 1913 ஜனவரியில் அல்ஸ்டர் எனும் வட மாகாணத்தில் அவர்களுக்கென்று அல்ஸ்டர் தொண்டர் படை. 1914 மார்ச்சில், அல்ஸ்டருக்கு எதிராக அனுப்பினால் பதவி விலகுவோம் என்று குர்ரா ராணுவ முகாமின் குதிரைப்படை அதிகாரிகள் சொன்னார்கள், அரசு பணிந்தது. ஏப்ரலில் லார்ன் துறைமுகத்தில் ஒரே இரவில் சுமார் 25,000 துப்பாக்கிகள் இறங்கின. தடுக்க ஒருவரும் வரவில்லை. ஜூலையில் தேசியவாதத் தொண்டர்கள் ஹௌத்தில் 900 துப்பாக்கி இறக்கினார்கள். அன்று மாலையே டப்ளின் ஆற்றங்கரைச் சாலையில் ராணுவம் கூட்டத்தை நோக்கிச் சுட்டுப் பொதுமக்கள் செத்தார்கள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த பியர்ஸும் மற்றவர்களும் என்ன பாடம் படித்திருப்பார்கள்? என்னைக் கேட்டால் திருப்புமுனை 1916-உம் இல்லை, 1918-உம் இல்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை ஆயுதத்தைக் காட்டி நிறுத்தலாம் என்று லண்டனே ஒத்துக்கொண்ட 1914 வசந்தம்தான்.

இன்னொன்று. பிரிவினையை, தெற்கைச் சுதந்திர அரசாக்கிய 1921 ஒப்பந்தத்தின் தலையில் கட்டுகிறார்கள். ஆறு மாவட்டங்களுக்கான தனி நாடாளுமன்றத்தை உருவாக்கிய சட்டம் 1920 டிசம்பரிலேயே வந்துவிட்டது. 1921 ஜூன் 22-ல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் நேரில் வந்து அதைத் திறந்து வைத்தார். ஐஆர்ஏ தலைவர்களில் ஒருவரான காலின்ஸ் லண்டனுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது எல்லைக்கோடு ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

செங்காந்தள்:
தம்பி எழுதியது மிகச் சரி. (இதே காலத்தில் நம் பக்கம்: 1916 செப்டம்பரில் அன்னி பெசன்ட் அடையாறிலிருந்து ஹோம் ரூல் லீக்கைத் தொடங்கினார். பெயர் அயர்லாந்திலிருந்து எடுத்ததுதான். ஆனால் அதற்குள் அங்கே அந்தக் கோரிக்கையின் மவுசு போய்க்கொண்டிருந்தது.)

வடகரையானிடம் ஒரு கேள்வி. ஆயுதம் எதிரியை மட்டும்தான் சுடும் என்று நினைக்கிறீர்களா? 1922 ஜனவரி 7-ல் டால் ஒப்பந்தத்தை 57-க்கு 64 என்று ஏற்றது. தோற்ற தரப்பு அதை ஏற்கவில்லை. ஜூன் 28-ல், பிரிட்டனிடம் இரவல் வாங்கிய பீரங்கியால், டப்ளின் நீதிமன்ற வளாகத்தில் இருந்த தங்கள் பழைய தோழர்களையே காலின்ஸ் தரப்பு தாக்க, உள்நாட்டுப் போர் மூண்டது. இரண்டு நாள் கழித்து அங்கிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து, பல நூற்றாண்டு ஆவணங்களும் மக்கள்தொகைக் கணக்கும் சாம்பலாயின. ஆகஸ்ட் 22-ல் காலின்ஸைச் சொந்த மாவட்டத்துச் சாலையிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

டிசம்பர் 8-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு டால் உறுப்பினரைக் கொன்றதற்குப் பழியாக, விசாரணையே இல்லாமல் நான்கு கைதிகளைச் சுட அமைச்சரவை உத்தரவிட்டது. நால்வரில் ஒருவர் ரோரி ஓ'கானர். ஒப்புதல் தந்த அமைச்சர்களில் ஒருவர் கெவின் ஓ'ஹிக்கின்ஸ். முந்தைய வருடம் ஓ'ஹிக்கின்ஸ் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் அதே ஓ'கானர். 1919-21 போரில் பிரிட்டிஷார் தூக்கிலிட்டும் சுட்டும் நிறைவேற்றிய மரண தண்டனை 24. சுதந்திர அரசு உள்நாட்டுப் போரில் நிறைவேற்றியது 77.

பிறகு குடியரசு எப்படி வந்தது? 1926-ல், ஒப்பந்தத்தை எதிர்த்த தரப்பின் தலைவர் டி வலேரா புதுக்கட்சி தொடங்கி, 1927-ல் டாலுக்குள் நுழைந்து, 1932-ல் தேர்தலில் ஜெயித்து ஆட்சிக்கு வந்தார். உள்நாட்டுப் போரில் அவரைத் தோற்கடித்தவர்களே ஆட்சியை அமைதியாகக் கைமாற்றினார்கள். 1933-ல் மன்னருக்கான விசுவாச உறுதிமொழி போனது, 1937-ல் புது அரசியலமைப்பு, 1938-ல் பிரிட்டன் வைத்திருந்த மூன்று துறைமுகங்கள் திரும்பக் கிடைத்தன, 1949-ல் குடியரசு. ஒரு தோட்டா செலவாகவில்லை.

வடகரையான்:
அக்கா, உள்நாட்டுப் போரை நியாயப்படுத்த என்னால் முடியாது, முயலவும் மாட்டேன். ஆனால் டி வலேரா 1932-ல் எந்தத் தரையில் நின்று அத்தனையையும் சாதித்தார் என்று பாருங்கள். 1914 சட்டத்தில் ஐரிஷ் நாடாளுமன்றத்துக்கு ராணுவம் கிடையாது, வெளியுறவு கிடையாது, சுங்கத்தில் பெரும்பகுதி கிடையாது. 1921-ல் கிடைத்தது கனடாவுக்கு நிகரான தகுதி. சொந்தப் படை, சொந்த வரி. ஏழே வருடத்தில் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ரெட்மண்ட் 1914-ல் வுட்டன்பிரிட்ஜில் பேசி இளைஞர்களைப் பிரிட்டனுக்காகச் சண்டையிட அனுப்பினார். பதிலுக்கு லண்டன் அவருக்கு ஒன்றும் தரவில்லை. அந்த நல்ல மனிதர் 1918 மார்ச்சில் மனமுடைந்து இறந்தார்.

நெய்தல்:
வித்தியாசம் 1918 வாக்கிலிருந்து வந்தது என்பேன். வாக்காளர் எண்ணிக்கை அந்த வருடம் சுமார் 7 லட்சத்திலிருந்து 19 லட்சம்வரை உயர்ந்தது. 30 வயது கடந்த பெண்களும், சொத்தில்லாத ஆண்களும் முதன்முறையாக வாக்களித்தார்கள். ரெட்மண்டுக்குக் கிடைக்காத பலம் அது.

பட்டறைத்தம்பி:
ஆனால் அண்ணா, 73-ல் 25 இடம் போட்டியே இல்லாமல் வந்தது. போட்டி நடந்த இடங்களில் சின் ஃபெயின் வாங்கியது பாதிக்குச் சற்றுக் குறைவு. வடகிழக்கில் யூனியனிஸ்டுகள் அப்படியே ஜெயித்தார்கள். "தீவு முழுக்க ஒரே குரல்" என்று 1918-ஐச் சொன்னால் அந்த மக்களை இல்லை என்று சொன்னதாகிவிடும். தெற்கு அப்படி எண்ணியதால்தான் எல்லைக்கு அப்பால் தங்கிவிட்ட கத்தோலிக்கர் அரை நூற்றாண்டு தனித்துவிடப்பட்டார்கள். டெர்ரி நகரில் கத்தோலிக்கர் பெரும்பான்மை. வார்டு எல்லையை வளைத்து வரைந்து மாநகராட்சியை யூனியனிஸ்டுகள் கையிலேயே வைத்திருந்தார்கள். 1968 அக்டோபர் 5-ல் வீட்டுக்கும் வாக்குக்கும் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது. 1972 ஜனவரி 30-ல் அதே ஊரில் ராணுவம் 13 பேரைச் சுட்டுக் கொன்றது, காயமடைந்த இன்னொருவர் பின்னர் இறந்தார்.

1973 டிசம்பரில் சன்னிங்டேல் ஒப்பந்தம்: இரு சமூகமும் பங்கிடும் ஆட்சி, தெற்கோடு ஒரு கவுன்சில். ஐந்தே மாதத்தில் யூனியனிஸ்ட் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம், மின்சாரத்தை முடக்கி அதைக் கவிழ்த்தது. (நெய்தல் அண்ணா, வேலைநிறுத்தம் எப்போதும் நம் பக்கமே இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.) 1998 ஏப்ரல் 10 ஒப்பந்தத்தின் எலும்புக்கூடு ஏறக்குறைய அதேதான். மொத்தக் கலவர காலத்தில் செத்தவர்கள் 3,500-க்கு மேல். அதில் பெரும்பாலோர் சன்னிங்டேலுக்குப் பிறகு செத்தவர்கள்.

வடகரையான்:
தம்பி, சன்னிங்டேலில் சின் ஃபெயினும் இல்லை, யூனியனிஸ்ட் ஆயுதக் குழுக்களும் இல்லை. 1998-ல் இருவரும் அறைக்குள் இருந்தார்கள். ஆயுதம் வைத்திருந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுச் செய்த ஒப்பந்தம் ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஐஆர்ஏ ஆயுதத்தை முழுமையாகக் கைவிட்டது 2005-ல்தான்.

செங்காந்தள்:
அவர்களை அறைக்குள் கொண்டுவந்தது எது? 1981 ஏப்ரலில் ஐஆர்ஏ கைதி பாபி சாண்ட்ஸ் சிறையில் உண்ணாநோன்பில் கிடந்தபடியே ஃபெர்மனா, தெற்கு டைரோன் தொகுதியில் ஜெயித்தார். மே 5-ல் இறந்தார். அவரோடு சேர்த்துப் பத்துப் பேர். அந்த வெற்றிக்குப் பிறகுதான் தேர்தலில் நிற்பது பயன் தரும் என்று சின் ஃபெயின் தலைமை திரும்பியது. 1998 மே 22-ல் வடக்கும் தெற்கும் ஒரே நாளில் வாக்களித்தன. தெற்கில் 94 சதவீதம், வடக்கில் 71 சதவீதம் ஆதரவு. வடக்கில் பெரும்பான்மையின் சம்மதம் இல்லாமல் வடக்கின் நிலை மாறாது என்பதை ஐஆர்ஏ பக்கத்து வாக்காளர்களும் அன்று ஏற்றார்கள். 1918-ல் விடுபட்டதாகத் தம்பி சொன்ன யூனியனிஸ்டுகளின் குரலும் இந்த வாக்கில் எண்ணப்பட்டது.

வடகரையான்:
அந்த 71-ஐ நானும் மதிக்கிறேன் அக்கா. ஆனால் அதே ஒப்பந்தம் இன்னொன்றும் சொல்கிறது: வடக்கில் பெரும்பான்மை விரும்பினால் ஒன்றிணையலாம், அதை லண்டன் தடுக்காது. 1886-ல் 30 வாக்கில் தோற்ற மசோதாவைவிடப் பல மடங்கு பெரிய உறுதிமொழி அது. அந்த உறுதிமொழியை லண்டன் தானாக எழுதிக் கொடுத்தது என்று என்னால் நம்ப முடியாது.

பட்டறைத்தம்பி:
எல்லையை மறுபரிசீலிக்க 1921 ஒப்பந்தம் ஓர் ஆணையம் வைத்தது. 1925-ல் அது ஒரு அங்குலமும் நகர்த்தாமல் முடிந்தது. அதைப் பேசாமல் வடக்கு புரியாது. நாளை தனித் திரி போடுகிறேன், மூவரும் அங்கே வாருங்கள்.